கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு கரிசல் மண் வீடு: கடைக்காலுக்கு முந்தைய ஓராண்டு

பின்னணி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கின்றன கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊர்கள். கேரளத்துக்குள் இருந்தாலும் இங்கே வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். மழை குறைவு. கேரளத்தின் மற்ற இடங்களைப் போல வெட்டுக்கல் எடுக்கும் செம்புறை மண் இங்கே இல்லை. பல இடங்களில் கரிசல். சாமானுக்கும் வேலையாட்களுக்கும் கோயம்புத்தூர், காகிதத்துக்குப் பாலக்காடு என்றுதான் இங்கே வீடு எழும்புகிறது. கோயம்புத்தூரில் வீடு கட்டிய சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு, கேரளச் சட்டத்துக்கு உட்பட்ட மண்ணில் வேலையை ஆரம்பித்துவிடுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்தப் பகுதியில் கட்டட அமைப்புப் பொறியாளராக வேலை செய்கிறேன். கீழே வருவது அப்படி ஆரம்பித்து, பாதி வழியில் நின்று, திரும்ப முதலிலிருந்து யோசித்த ஒரு குடும்பத்தின் கதை. அவர்களின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரின் சரியான இடமும் வேண்டாம் என்றார்கள். சட்டம் சார்ந்த விவரங்கள் 2023, 2024ல் இவர்களுக்கு நடந்தபடி உள்ளவை.

கணவர் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் மேற்பார்வையாளர். மனைவி எல்லைக்கு இந்தப் பக்கம் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், கூடவே கணவரின் பெற்றோர். அப்பாவிடம் 62 செண்டு தென்னந்தோப்பு இருந்தது. 2022 டிசம்பரில் அதை மூன்று மகன்களுக்கும் பாகம் பிரித்து ஆதாரம் (கிரயப் பத்திரம்போல இங்கே பாகப் பத்திரத்துக்கும் இதுதான் பெயர்) பதிவு செய்தார். நடு மகனான இவருக்கு 20 செண்டு, கிழக்கு மேற்காக நீளமான மனை. வடகிழக்கு மூலையில் குடிதண்ணீர்க் கிணறு.

2023 பிப்ரவரிக்குள் கோயம்புத்தூர் வரைவாளர் ஒருவரிடம் படம் வாங்கியாகிவிட்டது: இரண்டு மாடி, 3,080 சதுர அடி, படுக்கையறைகள் எல்லாம் மேலே. ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு 2,150 ரூபாய் சொன்னார். முன்பணமாக 2 லட்சம் கொடுத்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. வைகாசியில் வாஸ்து நாள் பார்த்து வானம் (கடைக்கால், அதாவது அஸ்திவாரம் போடும் குழி) தோண்டுவதாக முடிவு. கடைக்கால் போடும் முன் கம்பி அளவை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் வந்தார்கள்.

மார்ச் 2023: மனையில் பார்த்தவை

வெயில் ஏறிய மாதம். தென்னை நிழல் விழாத இடத்தில் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் கம்பு விட்டுப் பார்த்தபோது முழங்கை ஆழத்துக்கு மேல் தடையில்லாமல் இறங்கியது. மழைக்காலத்தில் இதே மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு ஆளை நடக்கவிடாது. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அப்படி ஏறி இறங்கும் மண்ணின்மேல் கனமில்லாத வீட்டை வைத்தால் ஒரு மூலை எழும்பும், இன்னொரு மூலை தாழும்.

பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். கட்டிப் பன்னிரண்டு வருடம். மூன்றடிக் கருங்கல் கடைக்கால். ஜன்னல் மூலைகளில் இருந்து சாய்வாக ஏறிய விரிசல்களில் ஒன்றுக்குள் ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தது. "சித்திரையில அகலமாகும், ஐப்பசி மழைக்கு மூடிக்கும். நாங்களும் வருசா வருசம் பூசிட்டுத்தானுங்க இருக்கோம்" என்றார் அந்த வீட்டம்மா. வெயிலுக்குத் திறந்து மழைக்கு மூடும் விரிசல் என்றாலே பழி கொத்தனாரின் மேல் இல்லை, மண்ணின் மேல்தான். நம் ஒப்பந்தக்காரர் சொன்ன விலையிலும் அதே மூன்றடிக் கருங்கல் கட்டுதான் இருந்தது.

அடுத்து, ஆதார நகலையும் கரம் (நிலவரி) அடைத்த ரசீதையும் கேட்டேன். வகை என்ற இடத்தில் 'நிலம்' என்று இருந்தது. கேரள வருவாய்ப் பதிவில் அது நெல்வயலைக் குறிக்கும். வீடு கட்டத் தக்கதாக இருந்தால் 'புரையிடம்' என்று இருக்க வேண்டும். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இடம், தொண்ணூறுகளில் தென்னை வைத்தார்கள். தோப்பு மாறியது, பதிவு மாறவில்லை.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்பது வருசமா நாங்க உழுத மண்ணு தம்பி. இதுல வீடு கட்ட நான் யாரைக் கேக்கணும்?" அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் 2008 ஆகஸ்டில் அமலுக்கு வந்த கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், வகை மாறாமல் இவ்வளவு பெரிய வீட்டுக்குப் பஞ்சாயத்து அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாமல் கட்டினால் வீட்டு எண் இல்லை. வீட்டு எண் இல்லாவிட்டால் மின் இணைப்பு முதல் வங்கிக் கடன் வரை எல்லாம் சிக்கல். இவர்கள் முதலில் சேமிப்பில் தொடங்கி, பிறகு கடன் வாங்கும் எண்ணத்தில் இருந்தார்கள். அதனால்தான் வங்கி வழக்கறிஞரின் கண்ணில் இந்த ரசீது முன்கூட்டியே படவில்லை.

மூன்றாவதாகப் பணம். 3,080 சதுர அடிக்கு 2,150 என்றால் 66 லட்சத்து 22 ஆயிரம். கையில் சேமிப்பு 22 லட்சம், எதிர்பார்த்த கடன் 30 லட்சம். மதில், கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம், 10 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்கு அப்போது இருந்த 1 சதவீதத் தொழிலாளர் நல வரி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. போதாததற்கு, கேரளத்தில் 278.7 சதுர மீட்டரைத் தாண்டும் வீட்டுக்கு ஆண்டுதோறும் ஆடம்பர வரி உண்டு. 3,080 சதுர அடி அந்தக் கோட்டைத் தாண்டியது.

நான்காவது சின்ன விஷயம்போலத் தெரிந்தது: பஞ்சாயத்து ரோட்டிலிருந்து மனைக்கு வரும் பாதை அண்ணன் பாகத்தின் ஓரமாகப் போகிறது. ஆதாரத்தில் "நடப்பு வழி" என்று மட்டும் இருந்தது, அகலம் இல்லை.

எடுத்த முடிவுகள்

அன்று மாலையே முடிவான ஒன்று, வானம் தோண்டுவதில்லை என்பது. ஆனால் வாஸ்து நாள் குறித்தாகிவிட்டது, சொந்தங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. பூஜையைத் தள்ளிப்போட்டால் அபசகுனம் என்று அம்மா கலங்கினார். பூமி பூஜையை மட்டும் அதே நாளில் செய்துவிடலாம், மண்வெட்டி போடுவதைக் காகிதம் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பேசி எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நல்ல நாளைக் காப்பாற்றுவதற்காக அனுமதியில்லாமல் ஒரு பக்கக் கடைக்காலைப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். இவர்கள் அதைத் தவிர்த்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வழி விட்டது.

ஒப்பந்தக்காரரோடு பேசியது அவ்வளவு சுமுகமாக இல்லை. முன்பணத்தில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் கம்பி வாங்கிவிட்டதாகச் சொன்னார். வாங்கித்தான் இருந்தார். மீதி 80 ஆயிரத்தைத் திருப்பித் தந்தார். கம்பியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, தென்னங்கட்டைகளை அடுக்கி அதன்மேல் தரையில் படாமல் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அது ஒரு வருடம் அப்படியே கிடந்தது.

பிறகு வேலையின் வரிசையை மாற்றினோம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: இந்தப் பகுதியில் வீட்டுப் படம் கடைசியில் வர வேண்டியது. முதலில் நிலத்தின் காகிதம், அதோடு சேர்ந்தே நிலத்தின் மண், அப்புறம் பணம், அப்புறம் வீட்டில் இருக்கப்போகிறவர்களின் தேவை. இவை நாலும் தெரிந்த பிறகுதான் வரைவாளர் பென்சிலை எடுக்க வேண்டும். அழகான படம் முன்னால் வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அந்தப் படத்துக்குப் பொருந்தும்படி வளைக்கத்தான் மனசு போகும்.

காகிதம்: ஏப்ரல் 2023 முதல் பிப்ரவரி 2024 வரை

முதல் கேள்வி, இந்த இடம் நெல்வயல் தரவு வங்கியில் இருக்கிறதா என்பது. ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. அதில் இருந்தால் முதலில் படிவம் 5 கொடுத்து அதிலிருந்து நீக்க வேண்டும்; 2008ல் அங்கே என்ன இருந்தது என்று செயற்கைக்கோள் படம் வரை போகும். கிருஷி பவனில் (வேளாண்மை அலுவலகம்) சர்வே எண்ணை வைத்துப் பார்த்தபோது இந்த மனை பட்டியலில் இல்லை. அது பெரிய நிம்மதி. தரவு வங்கியில் இல்லாமல் வருவாய்ப் பதிவில் மட்டும் 'நிலம்' என்று இருக்கும் 50 செண்டு வரையான இடத்துக்குப் படிவம் 6 போதும். வருவாய்க் கோட்ட அலுவலருக்கு இணையவழியில் விண்ணப்பித்தார்கள். படிவங்கள் மலையாளத்தில். கணவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. மனைவி அதைப் பள்ளியில் படித்தவர், அவர்தான் ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லி நிரப்பினார்.

இங்கே இரண்டு சலுகைகளைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். தரவு வங்கியில் இல்லாத 10 செண்டுக்குள் 120 சதுர மீட்டர் வரை வீடு கட்ட வகைமாற்றம் தேவையில்லை என்பது ஒன்று. அது உண்மைதான், ஆனால் இவர்கள் மனை 20 செண்டு. வீடும் அதற்குள் அடங்காது. 25 செண்டுக்குள் இருந்தால் வகைமாற்றக் கட்டணமே இல்லை என்பது இன்னொன்று. அதற்கு அந்த இடம் 2017 டிசம்பர் 30 அன்றே 25 செண்டுக்கு மிகாததாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு இது அப்பா பெயரில் 62 செண்டாக இருந்தது. பாகம் பிரித்தது 2022ல். அதனால் நியாய விலையில், அதாவது நிலத்துக்கு அரசு குறித்த மதிப்பில், 10 சதவீதம் கட்ட வேண்டி வந்தது, சுமார் 48,500 ரூபாய். இதை முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்திருந்ததால் நோட்டீஸ் வந்தபோது யாரும் பதறவில்லை.

வில்லேஜ் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தவர் ஒரு விஷயத்தைக் குறித்தார்: மனையின் தெற்கு ஓரமாகச் சின்ன வாய்க்கால் ஒன்று அடுத்த வயலுக்குப் போகிறது. அதை மூடக் கூடாது, நீரோட்டத்துக்குத் தடை வரக் கூடாது. வாய்க்காலை அளந்து, மதிலை அதற்கு உள்ளே தள்ளி வைப்பதாக மனைவரைபடத்தில் காட்டினோம். அதன் பிறகு காத்திருப்புத்தான். விண்ணப்பங்கள் குவிந்து கிடந்த காலம். உத்தரவு 2024 ஜனவரியில் வந்தது, பிப்ரவரியில் புதிய கர ரசீதில் வகை மாறியது.

காத்திருந்த காலத்தில் பாதை விவகாரமும் முடிந்தது. அண்ணன் தம்பிக்குள் எந்தச் சண்டையும் இல்லாத நேரம். அதனால்தான் இப்போதே எழுதிவிடலாம் என்று நான் வற்புறுத்தினேன். 12 அடி அகலம், மூன்று பாகத்துக்கும் பொது, லாரி வரலாம் என்று தெளிவாக எழுதிப் பதிவு செய்தார்கள். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று அண்ணி கேட்டாராம். "நம்ம பிள்ளைங்களுக்காகத்தான் அக்கா" என்று ஆசிரியை சொன்னதும் அவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

மண்: மூன்று குழிகள்

இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஜேசிபி வைத்து மனையின் கிழக்கு, நடு, மேற்கு என மூன்று இடத்தில் குழி எடுத்தோம். தென்னை வேருக்கு அடியில் மண்ணின் அடுக்கு கத்தியால் வெட்டியதுபோலத் தெரிந்தது. கிழக்குக் குழியில் 1.2 மீட்டர் வரை கரிசல், அதற்குக் கீழே சுக்கான் கல் கலந்த வெளிறிய கெட்டி மண். கடப்பாரை போட்டால் துள்ளியது. நடுக் குழியில் 1.7 மீட்டரில் அதே கெட்டி மண். மேற்குக் குழியில் 2.7 மீட்டர் போயும் கரிசல் முடியவில்லை. கையில் எடுத்துப் பிசைந்தால் மெழுகுபோல உருண்டது. மூன்று குழியும் ஒரே மனைக்குள், ஒன்றுக்கொன்று அதிக தூரம் இல்லை. மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்புத்தான்.

மாதிரிகளைக் கோயம்புத்தூரில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். உப்பல் சோதனை எளிமையானது: உலர்த்திச் சலித்த மண்ணை ஒரே அளவில் இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக உப்பியது என்பதுதான் கணக்கு. கரிசல் 70 சதவீதம் உப்பியது. 50ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய மண். அடியில் இருந்த சுக்கான் மண் 15 சதவீதம்.

முதல் படத்தில் வீடு இருந்தது மேற்குப் பக்கத்தில், அதாவது மண் மிக மோசமான இடத்தில். வாஸ்துப்படி மேற்கும் தெற்கும் கனமாக, கிழக்கும் வடக்கும் காலியாக இருக்க வேண்டும் என்று அப்படி வைத்திருந்தார்கள். இரண்டு வழிகளை முன்வைத்தேன். அதே இடத்தில்தான் வேண்டும் என்றால் அடிக்குமிழ் வைத்த தூண்கள் (மண்ணுக்குள் அடிப்பக்கம் குமிழ்போல அகன்றவை), குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு. கரிசல் மண்ணுக்கு நன்கு சோதிக்கப்பட்ட முறை அது, ஆனால் அதைச் சரியாகச் செய்யும் குழு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், செலவும் கூடும். இல்லையென்றால் வீட்டைக் கிழக்கே நகர்த்தி, தூண்களின் அடித்தளத்தைச் சுக்கான் மண்ணில் உட்கார வைக்கலாம். அப்படியானால் இரண்டு மீட்டருக்குள் வேலை முடியும். பாதி வீடு அங்கே, பாதி வீடு இங்கே என்ற மூன்றாவது வழி இல்லை என்பதையும் சொன்னேன். ஒரே வீட்டுக்கு இரண்டு வகை அடித்தளம் போட்டால் இரண்டும் வெவ்வேறு விதமாக அசையும்.

இரண்டாவது வழியைத்தான் எடுத்தார்கள். மேற்கே 50 அடி காலி விழுகிறதே என்ற வாஸ்துக் கவலைக்கு, அவர்கள் குடும்பத்துக்குப் பார்க்கும் வாஸ்துக்காரரே ஒரு தீர்வு சொன்னார்: வீட்டுக்கு மேற்கே குட்டை மதில் போட்டுப் பிரித்துவிட்டால் அந்தப் பக்கம் தோப்பு, இந்தப் பக்கம் மனை. தோப்பு இருந்தபடியே இருக்க எனக்கும் அதுதான் வசதி. பெரியவர்களின் நம்பிக்கையையும் மண்ணின் குணத்தையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையே இல்லாமல் போனது.

கிழக்கே நகர்ந்ததும் கிணறு பக்கத்தில் வந்துவிட்டது. குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் கழிவுத் தொட்டியோ உறிஞ்சுகுழியோ கூடாது என்பது கேரளக் கட்டட விதி. அதனால் குளியலறைகளை எல்லாம் மேற்குச் சுவருக்குக் கொண்டுபோனோம். மேற்கு வெயில் படுக்கையறைச் சுவரில் நேராக விழாமல் இருக்கவும் அது உதவியது. உறிஞ்சுகுழி குட்டை மதிலுக்கு அப்பால், வீட்டிலிருந்து விலகி. கரிசலில் தண்ணீர் சுலபமாக இறங்காது, இறங்காத தண்ணீர் கடைக்காலைத் தேடி வரும். ஆகவே குழியை அகலமாக எடுத்துச் சுற்றிலும் ஜல்லி போடச் சொன்னேன்.

யாருக்கு என்ன வேண்டும்

படத்தைத் திரும்பப் போடும் முன், குடும்பம் ஒரு வாரம் தங்கள் பழைய வீட்டில் யார் எந்த நேரம் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதி வைத்தது. யோசனை ஆசிரியையுடையது. அதில் தெரிந்தவை: அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏறுவதில்லை. பகலில் எல்லாரும் இருப்பது பின்பக்கத் திண்ணையில். பிள்ளைகள் படிப்பது அடுக்களைக்கு அருகில். முதல் படத்தில் தனியாக இருந்த வரவேற்பறைக்கும் சினிமா பார்க்கும் அறைக்கும் அந்த ஏட்டில் வேலையே இல்லை. அவை போயின. கீழேயே மூன்று படுக்கையறை, அகலமான பின் திண்ணை, விறகடுப்புக்குத் தனி இடம் என்று 1,780 சதுர அடியில் வீடு அடங்கியது. மேலே பிற்காலத்தில் கட்ட வேண்டுமானால் தாங்கும்படி தூண்களும் படிக்கட்டும் கணக்கிடப்பட்டன.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் கணக்கில் எடுத்தோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரலோடு வீசும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்டு வரும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வைத்து, மேற்கில் மட்டும் ஜன்னல்களைச் சிறிதாக்கி வெயில் மறைப்பை நீட்டினோம்.

மார்ச் முதல் ஜூன் 2024 வரை

படத்தில் கையெழுத்திட்டது கேரளத்தில் பதிவு பெற்ற பொறியாளர். கோயம்புத்தூர் வரைவாளரின் கையெழுத்து அங்கே செல்லாது என்பதை இங்கே பலர் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். 300 சதுர மீட்டருக்கும் 7 மீட்டர் உயரத்துக்கும் உட்பட்ட வீடு என்பதால் சுயசான்று முறையில் அனுமதி சீக்கிரமே கிடைத்தது. ஐந்து ஆண்டு செல்லும். வகை மாறிய ரசீதைப் பார்த்து வங்கியும் கடனுக்கு ஒத்துக்கொண்டது.

இம்முறை எழுத்தில் ஒப்பந்தம். வேறொரு உள்ளூர் மேஸ்திரி, சதுர அடி 2,250 ரூபாய், மொத்தம் 40 லட்சத்துக்குச் சற்று மேல். அடித்தளத்தைத் தனிக் கணக்காக, ஆழத்தை அளந்து கொடுப்பதாக எழுதினோம். அது 3 லட்சத்து 40 ஆயிரம் வந்தது. கடைக்கால் முடிந்தபோது, தரைமட்டம் முடிந்தபோது, கூரை முடிந்தபோது என்று பணம் தவணையாக. ஒரு வருடம் கிடந்த கம்பியை எடுத்துப் பார்த்தோம். மேலாகப் பழுப்பேறியிருந்தது, தேய்த்தால் போனது, விட்டம் குறையவில்லை. உபயோகித்தோம்.

மண் காய்ந்திருக்கும் ஏப்ரலில் தோண்டினார்கள். ஒவ்வொரு குழியும் சுக்கான் மண்ணைத் தொட்டதா என்று நான் பார்த்த பிறகே கான்கிரீட். தோண்டிய கரிசலைத் திரும்பக் குழியில் தள்ள விடவில்லை. மேஸ்திரிக்கு இதில் வருத்தம்தான், இலவசமாகக் கிடக்கும் மண்ணை விட்டுவிட்டுக் காசு கொடுத்துக் கிராவல் வாங்குவதா என்று. கிராவலை அரை அடி அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்தார்கள். அடித்தள பீமுக்குக் கீழே மண் உப்ப இடம் விட்டு, பீம் தரையில் படாமல் போட்டோம். முன்பக்கக் கார் நிறுத்துமிடம் வீட்டோடு ஒட்டாமல், இடைவெளி விட்டுத் தனித் தூண்களில். சுவரை ஒட்டியிருந்த இரண்டு தென்னை போயின. ஜூன் மழைக்கு முன் தரைமட்டம் முடிந்தது. எம்-சாண்டும் ஜல்லியும் எல்லை ஊரான வேலந்தாவளம் வழியாக நடைச்சீட்டோடு (எடுத்துவரும் அனுமதிச் சீட்டு) வந்தன, 12 அடிப் பாதையில் லாரி நேராக உள்ளே வந்து கொட்டியது.

விளைவு

2025 தை மாதம் குடி புகுந்தார்கள். எல்லாம் சேர்த்துச் செலவு சுமார் 49 லட்சம். சேமிப்புக்கும் கடனுக்கும் உள்ளே நின்றது, ஆனால் மிச்சம் அதிகம் இல்லை. சித்திரை வெயிலும் அடுத்து வந்த மழையும் கடந்த பிறகு சுவர்களைச் சுற்றிப் பார்த்தேன். பூச்சில் மயிரிழைக் கோடுகள் இரண்டு இருந்தன. ஜன்னல் மூலைகள் சுத்தமாக இருந்தன. தம்பி தன் பாகத்தின் மேற்கு எல்லையில் அதே காலத்தில் வழக்கமான கருங்கல் கடைக்காலில் எழுப்பிய மதில் இரண்டு இடத்தில் பிளந்துவிட்டது.

இழப்பும் உண்டு. ஒரு வருடம் போனது. அந்த வருடத்து வாடகையும் விலை ஏற்றமும் சேர்ந்தன. கோயம்புத்தூர்ப் படத்துக்குக் கொடுத்த பணம் முழுவதும் வீண். பழைய ஒப்பந்தக்காரரோடு இருந்த நல்லுறவும் போய்விட்டது.

மாற்ற வேண்டியவை

பாகம் பிரிப்பதற்கு முன்பே வகைமாற்றத்தை யோசித்திருக்கலாம். கட்டணம் அப்போதும் வந்திருக்கும், ஆனால் மூன்று மகன்களும் தனித்தனியாக அலைவதற்குப் பதில் ஒரே விண்ணப்பம். 62 செண்டு 50ஐத் தாண்டுவதால் படிவமும் நிபந்தனையும் வேறு. எது லாபம் என்று அன்றைக்கே வில்லேஜ் ஆபீஸில் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆதாரம் எழுதும்போதே பாதையின் அகலத்தையும் வாய்க்காலையும் எழுதியிருந்தால் பின்னால் இரண்டாவது பத்திரச் செலவு இல்லை. மண் குழிகளையும் பாகம் பிரிக்கும் முன் எடுப்பது நல்லது என்பேன். எந்தப் பாகத்தில் வீடு கட்டச் செலவு கூடும் என்று தெரிந்து பிரிப்பது எல்லாருக்கும் நியாயம். ஜேசிபிக்கு அரைநாள் வாடகை, ஆய்வுக்கூடக் கட்டணம், அவ்வளவுதான் செலவு.

உறிஞ்சுகுழியை இன்னும் பெரிதாக எடுத்திருக்கலாம். முதல் ஐப்பசி மழையில் அது மெதுவாகத்தான் இறங்கியது. குளியல், துவைப்புத் தண்ணீரைத் தனியாகப் பிரித்துத் தென்னைப் பாத்திக்கு விட்ட பிறகு சரியானது. அந்தக் குழாயை முதலிலேயே தனியாகப் போட்டிருந்தால் தரையை மறுபடி உடைக்க வேண்டி வந்திருக்காது.

தம்பி இப்போது தன் பாகத்துக்குப் படிவம் 6 கொடுத்திருக்கிறார். அவர் இடத்தில் எடுத்த குழிகளில் கரிசல் எங்குமே மூன்று மீட்டருக்குக் குறையவில்லை, அதனால் அவர் வீட்டுக்கு அடிக்குமிழ்த் தூண்கள்தான். அதற்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் எத்தனை சதுர அடி வரும் என்று அவரும் மனைவியும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். படம் இன்னும் வரையவில்லை.